அண்ணைக்கு ஒரு மழைக்கூரை: மொன்றியலில் ஜப்பான் ஓடு தேடிய ஒரு நாள்

மொன்றியலில் மழை வரும் நாளாகப் பார்த்து ஊர்சுற்றக் கிளம்பிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்கள் இலை சிவக்கும் கிழமை எது, அப்பிள் ஆயப்போகும் நாள் எது என்றெல்லாம் கேட்டு எழுதுவீர்கள். எனக்கு மே மாதக் கடைசிச் சனிக்கிழமை மழை வேண்டியிருந்தது. தூறல் இல்லை, நல்ல கனத்த மழை. காரணம் என் அண்ணை.

அண்ணைக்கு அறுபத்தெட்டு வயது. தனி ஆள். மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முப்பத்தொரு வருடமாக இருக்கிறார். எங்களை எல்லாம் இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர் அவர்தான். சென்ற பெப்ரவரியில் வாசற்படி ஐஸில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதை ஒரு கிழமை கழித்துத்தான் எங்களுக்குச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கட்டி இந்த மனிசனைக் கொண்டுவந்து வைப்பது என்று அன்றே முடிவெடுத்தேன். என் கணவரும் (இந்தப் பக்கத்தில் எப்போதும்போல 'இவர்') அடுத்த நாளே அளவு நாடாவோடு பின்வளவுப் பனிக்குள் நின்றார்.

அண்ணையோ பிடிகொடுக்கவில்லை. "பேந்து பாப்பம்" என்றார். "கோடை வரட்டும்" என்றார். கடைசியில் என் கரைச்சல் தாங்காமல் தொலைபேசியில் ஒரு நிபந்தனை போட்டார்.

"மழைச்சத்தம் கேக்கிற அறையெண்டா வாறன், பிள்ளை. முப்பத்தொரு வருசமா எனக்கு மேலை ஆக்களின்ரை கால்ச்சத்தம்தான். இப்ப மேல்வீட்டுக்காரன் ஒரு ட்ரெட்மில்லும் வாங்கியிட்டான். வெளியிலை மழை பெய்ததே விடியத் தெருவைப் பாத்தாத்தான் எனக்குத் தெரியும்."

இது வராமல் இருப்பதற்கான சாட்டு என்று எனக்கு விளங்கியது. ஆனால் நானும் அவருடைய தங்கச்சிதானே. மழைதானே வேணும், தாறன் என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் கூரையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் தார் பூசிய ஷிங்கிள் அட்டைதான். அதில் மழை விழுந்தால் கம்பளத்தில் விழுந்த மாதிரி, ஒரு சத்தமும் இல்லை. தகடு போட்டால் கேட்கும். ஆனால் "தகரத்திலை மழை பெய்தா எனக்கு நித்திரை வராது" என்று அண்ணை முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் எந்த வருடத்தில் எந்த அகதி முகாமில் தகரக் கொட்டிலில் இருந்தார் என்று எனக்குத் தெரியும். மிஞ்சியது ஓடு. சாதாரண மண் ஓடு இந்த ஊர்க் குளிருக்கு நீர் குடித்து, உறைந்து, உதிர்ந்துவிடலாம் என்றார்கள். அப்படித் தேடிப்போய்த்தான் ஜப்பான் ஓட்டில் வந்து நின்றேன். அவர்கள் 'கவரா' என்பார்கள். அங்கே பனி கொட்டும் பகுதிகளில் போடுவதற்கென்று கடும் சூட்டில் சுட்டு, பீங்கான் போல மெருகேற்றிய வகை இருக்கிறது. அது நீரை அதிகம் உறிஞ்சாது, அதனால் உறைபனியையும் தாங்கும்.

மொன்றியலில் இதை இறக்குமதி செய்து போட்டுக்கொடுக்கும் ஒருவரை இவர் கண்டுபிடித்தார். மார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெபெக் மாகாணத்துக்காரர், ஆறு வருடம் ஜப்பானில் கூரை வேலை செய்துவிட்டு வந்தவர். நான் மழைக்கதையைச் சொன்னதும் தொலைபேசியிலேயே சிரித்தார். ரோஸ்மொன்டில் தான் ஓடு போட்ட ஒரு வீட்டு முன்வாசலை முதலில் பாருங்கள், மழை நாளில் போய்க் கேளுங்கள், பிறகு சென்-லோரோனில் இருக்கும் என் களஞ்சியத்துக்கு வாருங்கள் என்றார். தன்னிடம் இருக்கும் ஓட்டை ஒரு ஹோட்டல்காரர் மொத்தமாகக் கேட்கிறார், சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் முடிவு சொல்லவேண்டும் என்றும் சொன்னார். அடுத்த கப்பல் வர அடுத்த வருடமாகிவிடும். அதற்குள் இன்னொரு ஐஸ் காலம் வந்துவிடும் என்பதுதான் என் பயம்.

வானிலைப் பக்கத்தில் சனிக்கிழமை நாள் முழுக்க மழை என்று இருந்தது. ஆகா என்று துள்ளினேன்.

காலை 8.40க்கு வெளிக்கிட்டோம். காருக்குள் மூன்று குடை, மூன்று மழைக்கோட்டு, ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி, பன்னிரண்டு மீன் ரோல்ஸ். இவர் கடைசி நிமிடத்தில் தோட்டத்துப் பூவாளியையும் தூக்கி டிக்கிக்குள் வைத்தார். "இது என்னத்துக்கப்பா?" என்றேன். "உம்மடை வானிலைக்காரரை நம்பேலாது" என்றார். நான்தான் கார் ஓட்டினேன். இவர் வழக்கம்போலப் பக்கத்து இருக்கையில் இருந்து இல்லாத பிறேக்கை மிதித்துக்கொண்டு வந்தார்.

19 கிலோமீற்றர், 28 நிமிடம். லாசால் போய்ச் சேரும்போது வானம் கழுவித் துடைத்த நீலம். அண்ணை வாசலில் மழைக்கோட்டும் ரப்பர் சப்பாத்துமாக நின்றார். தெருவில் போகிறவர்கள் அரைக் காற்சட்டையோடு போகிறார்கள்.

"நல்ல மழை, என்ன?" என்றார் காருக்குள் ஏறிக்கொண்டு. அதற்குப் பிறகு ரோஸ்மொன்ட் வரைக்கும் அவர் வாய் ஓயவில்லை. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் "வைப்பரைப் போடு பிள்ளை, கண்ணாடி தெரியேல்லை" என்றார். இவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். 18 கிலோமீற்றருக்கு 50 நிமிடம் எடுத்தது. இந்த ஊரில் கோடை வந்துவிட்டது என்பதை முதலில் சொல்வது வீதி திருத்தவென்று முளைக்கும் செம்மஞ்சள் கூம்புகள்தானே.

ரோஸ்மொன்ட் வீடு ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையுடையது. இரண்டு மாடிச் செங்கல் வீடு, முன்வாசலுக்கு மேல் மட்டும் ஜப்பான் ஓடு. கறுப்பு மெருகு, அலை அலையாக வளைந்து, வெய்யிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. அழகென்றால் அப்படி ஓர் அழகு. அந்த ஆசிரியை மதாம் எங்களையும் எங்கள் மழைக்கோட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் என் அரைகுறைப் பிரெஞ்சில் விசயத்தைச் சொன்னேன். அவருக்குப் பிடித்துப்போயிற்று. இவரைப் பூவாளியோடு மேல்மாடி ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கீழே அண்ணை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மேலிருந்து இவர் ஊற்றினார். டொக், டொக், சளசள என்று தண்ணீர் ஓடி விளிம்பால் வடிந்தது. மதாம் இரண்டாம் முறை பூவாளியை நிரப்பிக் கொடுத்தார், மூன்றாம் முறை தானே ஊற்றினார். நான் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன்.

"எப்பிடி அண்ணை?"

"இது மழைச்சத்தம் இல்லைப் பிள்ளை. தம்பி தண்ணி ஊத்துற சத்தம்."

எனக்கு அந்தப் பூவாளியை வாங்கி அவர் தலையிலேயே ஊற்றலாம் போல இருந்தது.

அங்கிருந்து ஜான்-டலோன் சந்தை 3 கிலோமீற்றர்தான். பதினொன்றரைக்குப் போனோம். வாகனத் தரிப்பிடம் இரண்டு மணித்தியாலத்துக்கு 7 டொலர். சனிக்கிழமை பத்து மணிக்குப் பிந்திப் போகிறவர்கள் இடம் தேடிச் சுற்றத் தயாராகப் போங்கள். மே கடைசியென்றால் அங்கே நாற்றுக் காலம். தக்காளி, மிளகாய், துளசி என்று நடைபாதை முழுக்கப் பச்சை. மழை வராத கோபத்தை நான் ஒரு கட்டு அஸ்பரகஸிலும் இரண்டு கிலோ ருபார்பிலும் தீர்த்துக்கொண்டேன். ரோல்ஸைச் சந்தை ஓரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அண்ணை ஐந்து சாப்பிட்டார், சரியாகச் சுடவில்லை என்று குறையும் சொன்னார்.

மார்க்கின் களஞ்சியம் அங்கிருந்து 9 கிலோமீற்றர், தொழிற்பேட்டைக்குள். ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே போனதும் எனக்கு நகைக்கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு சந்தோசம். ஆறு வகை ஓடு அடுக்கி வைத்திருந்தார். கறுப்பு மெருகு, கரும்பச்சை, தட்டையான சாம்பல் ஓடு, புகையூட்டிச் சுட்ட வெள்ளி நிறம், நீலம், ஒரு மூலையில் மெருகேற்றிய செம்மண்ணிறம். எனக்குக் கண் எல்லாம் வெள்ளியில். மார்க் தலையை ஆட்டினார். அது பார்க்கத்தான் ராசா, பனிக்காலத்தில் மெருகு ஓடுதான் வேலைக்காரன் என்றார். இவருக்குக் கரும்பச்சை பிடித்தது. நாங்கள் இருவரும் நிறத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பின்னால் டிங், டிங் என்று சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தால், அண்ணை ஓட்டை ஒரு கையில் தொங்கவிட்டு, மற்றக் கை விரல் மொளியால் தட்டித் தட்டிக் காதில் வைக்கிறார். இதை நான் சொல்ல மறந்துவிட்டேன். அண்ணை இருபத்திரண்டு வருடம் வேலை செய்தது கலியாண விருந்துகளுக்குப் பீங்கான் கோப்பை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில். கழுவி வரும் ஒவ்வொரு கோப்பையையும் தட்டிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் எடுத்து எறிவதுதான் அவர் வேலை.

"இது சரியில்லை," என்று பிரெஞ்சில் சொல்லி ஒரு ஓட்டைத் தனியே வைத்தார். மார்க் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒரு வாளித் தண்ணீரில் தோய்த்துத் துடைத்தார். மயிர் போல ஒரு கோடு ஈரமாகத் தெரிந்தது. மார்க் வாய்விட்டுக் கத்தினார். ஜப்பானில் தன் மேஸ்திரியும் இப்படித்தான் தட்டிப் பார்ப்பாராம், ஆறு வருடம் பழகியும் தனக்கு அந்தக் காது வரவில்லையாம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் எங்களை மறந்துவிட்டார்கள். அண்ணை அப்படிப் பிரெஞ்சு கதைத்து நான் கேட்டதில்லை.

மூன்று மணியாகப் போகிறது. எல்லாம் கூடிவருகிறது என்று நினைத்தேன். அப்போதுதான் மார்க் அறையின் வரைபடத்தைக் கேட்டார். இவர் பெருமையோடு விரித்தார். இந்தக் கூரைக்குள் இவர் வரைந்து வைத்திருந்த குளிர்காப்புப் பஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நகரசபை கேட்ட கனத்தைப் போல இரண்டு மடங்கு. அண்ணைக்குக் குளிரக்கூடாது என்று, கீழே இன்னொரு பலகை, அதற்குக் கீழே இன்னொரு அடுக்கு. பார்த்துப் பார்த்து வரைந்தது.

மார்க் பென்சிலை வரைபடத்தின் மேல் வைத்தார். மெதுவாகச் சொன்னார். இதற்கு மேல் நீங்கள் எந்த ஓட்டைப் போட்டாலும் உள்ளே ஒன்றும் கேட்காது. இடி விழுந்தால் கேட்கலாம்.

ஆறு கிழமையாக ஓடு, நிறம், சூடு, மெருகு என்று தேடியிருக்கிறோம். ஓட்டுக்கும் அண்ணையின் காதுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. இவர் முகம் சுண்டிப்போயிற்று. "குளிருமெண்டுதான் அண்ணை…" என்று இழுத்தார். பஞ்சைக் குறைக்கலாமா என்று கேட்டேன். குறைத்தாலும் சட்டப்படி போடவேண்டியதே சத்தத்தை விழுங்கிவிடும் என்றார் மார்க்.

"அதுக்கென்ன, விடுங்கோ," என்றார் அண்ணை. "எனக்கு லாசால் பழகிப்போச்சு. ட்ரெட்மில்லும் பழகியிடும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கு மழையும் தேவையில்லை, ஒண்டும் தேவையில்லை! வராமல் இருக்கிறதுக்கு ஒரு சாட்டு வேணும், அவ்வளவுதான். சொல்லுங்கோவன் வாயைத் திறந்து, வரமாட்டன் எண்டு!"

களஞ்சியம் எதிரொலித்தது. அண்ணை கையில் இருந்த ஓட்டை மெதுவாக அடுக்கில் வைத்தார்.

"சாட்டுத்தான்," என்றார். "விழுந்தவன் எண்டு பாவம் பாத்துக் கூப்பிடுறியள். ரெண்டு பேரும் நல்ல பிள்ளையள்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பாவம் பாத்து வைச்சிருக்கிற இடத்திலை எனக்கு இருக்க ஏலாது, பிள்ளை. ஒரு வேலையும் இல்லாமல், சாப்பிட்டனியோ, குளிசை போட்டனியோ எண்டு கேட்டுக்கொண்டு… அப்பிடி இருக்க எனக்குத் தெரியாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏனென்றால் அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் அவரைக் கொண்டுவந்து வைக்கத்தான் நினைத்தேன். அவர் வந்து என்ன செய்வார் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

மார்க்குக்குத் தமிழ் விளங்காது. ஆனால் அவர் சும்மா நிற்கவில்லை. வரைபடத்தில் அண்ணையின் அறை ஜன்னலுக்கு வெளியே பென்சிலால் நான்கு கோடு போட்டார். அறைக்கு வேண்டுமானால் ஷிங்கிளைப் போடுங்கள். அதோடு ஒட்டி வெளியே ஒரு திறந்த தாழ்வாரம், மூன்று மீற்றருக்கு நான்கு. பஞ்சும் இல்லை, சுவரும் இல்லை. தனித் தூண், மெல்லிய பலகை, அதன்மேல் சிலாகைச் சட்டம், அதன்மேல் ஓடு. ஜன்னலைத் திறந்துவிட்டால் கட்டிலுக்கே கேட்கும். வீட்டின் பழைய கூரைக்குப் பாரமும் ஏறாது.

இவர் வரைபடத்தின் மேல் குனிந்தார். அந்த நேரம் பார்த்துத் தகரக் கதவுக்கு வெளியே சடசட என்று சத்தம். நான்கு பேரும் நிமிர்ந்தோம். நேரம் 3.20.

"மழை!" என்று கத்தியது நான்தான்.

மார்க் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தார். முற்றத்தில் சைக்கிள் விடும் கொட்டகை ஒன்று. அதன் கூரையில் மிஞ்சிய ஓடுகளை வகை வகையாக, வரிசை வரிசையாகப் போட்டிருந்தார். கறுப்பு, பச்சை, சாம்பல், வெள்ளி, நீலம், கடைசியில் செம்மண்ணிறம். குடை மூன்றும் காருக்குள். நனைந்துகொண்டே ஓடிப்போய் அதற்குக் கீழே நின்றோம். காலையில் இருந்து மழைக்கோட்டைக் கழற்றாத அண்ணை மட்டும் ஆறுதலாக நடந்து வந்தார்.

மழை என்றால் அது மழை. அண்ணை கொட்டகையின் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்கு நடந்தார். இரண்டு அடி வைப்பார், நிற்பார், தலையைச் சரிப்பார். தட்டை ஓட்டுக்குக் கீழே முகத்தைச் சுளித்தார். கறுப்புக்குக் கீழே கொஞ்சம் நின்றார். நான் ஆசைப்பட்ட வெள்ளிக்குக் கீழே நிற்கவே இல்லை. திரும்பவும் முதலில் இருந்து நடந்தார். நாங்கள் மூன்று பேரும் பரீட்சை முடிவு கேட்கிறவர்கள் போலச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம்.

ஒருவரும் திரும்பிப் பார்க்காத அந்தச் செம்மண்ணிற ஓட்டுக்குக் கீழே வந்து நின்றவர், பிறகு நகரவில்லை.

"மற்றதெல்லாம் கத்துது," என்றார். "இது கதைக்குது."

பிறகு இவரைப் பார்த்தார். "தம்பி, நீர் அந்தத் தாழ்வாரத்துக்கு எத்தினை ஓடு தேவை எண்டு கேளும்."

மார்க் விரலை மடித்துக் கணக்குப் பார்த்து, உடையக்கூடியதையும் சேர்த்து 230 என்றார்.

"அப்ப இருநூற்று முப்பதையும் ஒவ்வொண்டாத் தட்டிப் பாத்துத்தான் மேலை ஏத்த வேணும். வெடிச்சது ஒண்டு போனாலும் ஒழுகும். உங்கள் ரெண்டு பேருக்கும் அது தெரியாது. நான்தான் அங்கை வந்து நிக்கவேணும்," என்றார் அண்ணை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேந்து மழையும் வரவேணும், கேட்டுப் பாக்க. ஒரு மழை காணாது. பனி கொட்டேக்கையும் பாக்கவேணும், தாங்குதோ எண்டு," என்றார்.

"ஓம் அண்ணை," என்றேன். 3.45க்கு மார்க்கின் கையைப் பிடித்துக் குலுக்கினோம்.

அண்ணையை லாசாலில் இறக்கிவிட்டு வீடு வர ஆறு மணி. அன்றைய ஓட்டம் மொத்தம் 83 கிலோமீற்றர். வழியெல்லாம் மழை. வைப்பரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இனி, இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு என் அனுபவம். ஓடு ஒன்று 11 டொலர், எங்களுக்கு ஓட்டுக்கு மட்டும் 2,530 டொலர் ஆனது. தூணும் அத்திவாரமும் கூலியும் புறம்பு, அதுதான் கூட. பழைய வீட்டுக் கூரை முழுவதற்கும் போட ஆசைப்பட்டால், ஓட்டைத் தெரிவுசெய்வதற்கு முன் ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டுக் கூரை மரங்களைக் காட்டுங்கள். ஷிங்கிளோடு பார்த்தால் பாரம் பல மடங்கு. தூண்களின் அத்திவாரம் நிலம் உறையும் ஆழத்துக்கும் கீழே போகவேண்டும், நகரசபை அனுமதியையும் முதலே கேட்டுவிடுங்கள். எங்களுக்கு அது ஐந்து கிழமை எடுத்தது. பனி மொத்தமாக வழுக்கித் தலையில் விழாமல் தடுக்க, நடுவில் சிறு வளைவு வைத்த ஓடு உண்டு. கேட்டு வாங்குங்கள். நிறத்தைக் கடை வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எந்த ஓட்டையும் தட்டிப் பாருங்கள். முக்கியமாக, மழை நாளில் போங்கள், அல்லது மழைக்கோட்டுப் போட்ட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், மழை எப்படியும் வந்து சேரும்.

ஓகஸ்டில், அறை வேலை முடிந்த கையோடு, ஓடு வந்து இறங்கிய அன்று அண்ணையும் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினார். இரண்டு மணித்தியால வேலையை இரண்டு நாள் செய்தார். ஏழு ஓட்டைக் கழித்தார். செப்டெம்பரில் தாழ்வாரம் எழும்பியது. லாசால் வீட்டுத் திறப்பை எப்போது திருப்பிக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை.

நேற்று, ஒக்ரோபர் மாதத்து மழை. நான் குசினியில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கத்தில் இருந்து ஒரு அதட்டல் வந்தது.

"பிள்ளை, அந்த றேடியோவை நிப்பாட்டு. இஞ்சை மழை கேக்கவேணும்."

என் வீட்டில், என் குசினியில், என் ரேடியோ. நிறுத்திவிட்டு, கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போய், நானும் அவர் பக்கத்தில் இருந்தேன்.